முக்கால் மணி நேரம் யாருக்கு?

பாடசாலைப் பொது அறிவுப் போட்டியின் விடைத்தாள்களைத் திருத்தும் பொறுப்பு இம்முறை என் தலையில் விழுந்தது. தமிழ் கற்பிப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று பிறர் நம்புவதும், தெரியாது என்று சொல்ல அவன் நாணுவதும் நம் பாடசாலைகளின் பழைய மரபு. ஐம்பது வினாக்கள். அவற்றுள் ஒன்று இது: "மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ஆகாய மார்க்கமாகத் தூரம் எவ்வளவு? பிரயாண நேரம் எவ்வளவு?" திருத்துவோருக்குத் தந்த குறிப்பில் விடையும் அச்சாகியிருந்தது: ஏறத்தாழ 220 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதற் பகுதிக்குச் சரியான விடையை எழுதிவிட்டு, இரண்டாம் பகுதிக்கு இரண்டே சொற்களை எழுதியிருந்தாள்: "ஒரு இராத்திரி."

மறுநாள் அவளை அழைத்துக் கேட்டேன். "என்ன பிள்ளை, விளையாட்டுக்கு எழுதினயா?"

"இல்ல சேர். அம்மா குவைத்துக்குப் போகக்குள்ள நானும் மாமாவும் கட்டுநாயக்காவுக்குப் போன. ராவு எட்டு மணிக்கு பஸ் ஏறி விடியப்புறமாத்தான் போய்ச் சேர்ந்த. அம்மா அங்க இறங்கிட்டன் எண்டு கோல் எடுக்கக்குள்ள, திரும்பி வாற பஸ்ஸில நாங்க பொலன்னறுவையும் தாண்டல்ல."

அவளுக்கு முழுப் புள்ளி கொடுத்தேன். உடன் திருத்திய நண்பர்கள் ஒப்பவில்லை. குறிப்பில் உள்ளபடி திருத்துவதே விதி என்றார்கள்; இப்படி இரக்கப்பட்டுப் புள்ளி வழங்கினால் போட்டி எதற்கு என்றார்கள். இரக்கத்தினால் கொடுக்கவில்லை, விடை சரியென்பதால் கொடுத்தேன் என்றேன். அப்படியானால் காரணத்தை எழுதித் தாரும் என்றார்கள். எழுத உட்கார்ந்தேன். பாடசாலைக் கோப்பில் அடங்காத அளவுக்கு அது வளர்ந்துவிட்டதால் இங்கே தருகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 220 என்ற எண்ணில் பொய் இல்லை. தேசப்படத்தில் மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து இரத்மலானைக்கு ஓர் அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்தால் அவ்வளவுதான் வரும். சிறு விமானம் ஒன்று அந்தக் கோட்டின்மேல் பறந்தால் முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி. கணக்கு சரி. ஆனால் வினா கேட்டது "பிரயாண நேரம்". பிரயாணம் என்றால் பிரயாணி ஒருவன் இருந்தாக வேண்டும். வாழைச்சேனைச் சந்தியில் பொதியைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கிறானே, அவனுக்கு முக்கால் மணியா? அவன் வாழ்நாளில் அந்தக் கோட்டின்மேல் ஒரு தடவையாவது போயிருக்கிறானா?

நம் முன்னோர் தூரத்தை "நாழிகை வழி" என்று அளந்தனர். ஒரு நாழிகை இருபத்துநான்கு நிமிடம். அதற்குள் ஒருவன் நடந்து கடக்கும் வழி ஒரு நாழிகை வழி. "கூப்பிடு தூரம்" என்றும் அளந்தனர்; குரல் எட்டும் தொலைவு. பழமையைத் தூக்கி வைத்துக் கூத்தாடுகிறவன் அல்லன் நான். அளவைத் திட்பத்தில் அவை குறைபாடுடையவைதாம். எனினும் அந்த அளவுகோல்களுக்குள் மனிதன் இருந்தான். அவனுடைய கால் இருந்தது, தொண்டை இருந்தது. இன்றைய பொது அறிவுப் புத்தகத்தின் அளவுகோலில் அவனைத் தேடினேன்; காணவில்லை.

சரி, அவன் உண்மையில் எப்படிப் போகிறான் என்று பார்ப்போம். புகையிரதத்தில் போனால் பாதை நேரே மேற்கே ஓடுவதில்லை. புனாணை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை என்று வடமேற்காக ஏறி, கல்லோயாச் சந்தியைத் தொட்டு, மாகோ வரை சுற்றிப் போய், அங்கிருந்துதான் தெற்கே கொழும்புக்கு இறங்குகிறது. மட்டக்களப்பிலிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். உதயதேவியில் ஏறியவர்களுக்குத் தெரியும், எட்டு மணித்தியாலத்திலிருந்து ஒன்பது மணித்தியாலம். தாமதமானால் அதற்கு மேல். வகுத்துப் பாருங்கள். மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, அந்த நாற்பதில் போகிறவன்தான் நம் பிரயாணி.

இந்தப் பாதை ஏன் இப்படி வளைகிறது, ஏன் இப்படி ஊர்கிறது என்று கேட்பது குற்றமன்று. இலங்கையில் முதற் புகையிரதம் 1864இல் ஓடிற்று. 1867இல் கண்டிக்குப் போயிற்று. கண்டி மக்கள் மீது வெள்ளைக்கார துரைமார் கொண்ட காதலால் போகவில்லை. கோப்பி மூட்டைகள் மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கவேண்டியிருந்ததால் போயிற்று. கோப்பி மடிந்து தேயிலை வந்தபோது இரும்புப் பாதை தேயிலையின் பின்னால் இன்னும் உயரமாக ஏறிற்று. யாழ்ப்பாணத்துக்கு 1905இல் வந்தது. கிழக்குக்கு வந்தது 1920களின் இறுதியில். முதல் வண்டி ஓடி அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர். எங்களிடம் இலாபத்துக்கு ஏற்றும் மூட்டை இல்லை. நெல்லும் மீனும் விளைவித்து நாங்களே தின்றுகொண்டிருந்தோம். ஆதலால் காத்திருந்தோம்.

அக்காலத்தில் இக்காட்டு வழியில் போவது எத்தகையது என்பதற்கு ஒரு சான்று உண்டு. எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள புனாணையில் மனிதரை அடித்துத் தின்ற ஒரு சிறுத்தை 1924இல் ஓர் ஆங்கிலேயரால் சுடப்பட்டது. அந்தச் சிறுத்தைக்குக் கிடைத்த புகழ் பெரிது. ஆங்கிலத்தில் ஒரு நூலின் தலைப்பிலேயே ஏறிவிட்டது. அதற்கு இரையானவர்களின் பெயரை யார் எழுதிவைத்தார்? இதைச் சொல்லிக்கொண்டு போனால் வேறு கட்டுரை ஆகிவிடும்.

பாதை போட்டபோதும் பாலம் போட அவர்களுக்குக் கை வரவில்லை. மகாவலிக்கு மேலே மன்னம்பிட்டியிலும், எங்கள் வாவிக்கு மேலே ஓட்டமாவடியிலும், புகையிரதமும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் ஒரே இரும்புப் பாலத்தில் முறை வைத்துப் போகவேண்டும். ரயில் வந்தால் எல்லாம் நிற்கும். மன்னம்பிட்டியில் வாகனங்களுக்குத் தனிப்பாலம் 2007இல் யப்பானிய உதவியோடு வந்தது. ஓட்டமாவடியில் போர் முடிந்தபின் வந்தது. சுதந்திரம் பெற்று ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்! இரண்டு பாலங்களுக்கு!

இடையில் வந்த போரைப் பற்றி என் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பல ஆண்டுகள் மட்டக்களப்புவரை புகையிரதமே ஓடவில்லை. என் தந்தையார் ஓய்வூதிய விஷயமாகக் கொழும்புக்குப் புறப்பட்டால் வீட்டில் எவரும் திரும்பும் நாளைக் கேட்கமாட்டோம். சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, பொதியை அவிழ்த்து, அடையாள அட்டையை நீட்டி, மறுபடி பொதியைக் கட்டி, அடுத்த சாவடியில் மறுபடி அவிழ்த்து... அந்த நாட்களிலும் ஆகாய மார்க்கத் தூரம் 220 கிலோமீட்டர்தான். தேசப்படம் எந்த அரசாங்கத்துக்கும் மாறுவதில்லை.

போர் ஓய்ந்தது, வேகம் கூடியதா? 2025 பெப்ரவரி 20ஆம் நாள் மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற இரவு வண்டி, ஹபரணைக் காட்டுப் பகுதியில் யானைக் கூட்டம் ஒன்றின்மேல் மோதித் தடம் புரண்டது. ஆறு யானைகள் மாண்டன. அடுத்த நாட்களில் நாடே யானைக்காக அழுதது, அழவேண்டியதுதான். யானையையும் காக்க வேண்டும். ஆனால் அதற்குக் கண்டுபிடிக்கும் வழி எப்போதும் ஒன்றுதான்: வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டு. இருளில் விலங்கின் உடற்சூட்டை உணரும் கருவிகள் உலகில் இருக்கின்றன. யானை கடக்கும் இடங்கள் எவை என்று அந்தப் பாதையில் வேலை செய்யும் தொழிலாளி கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். அவற்றில் சுரங்கவழியோ மேம்பாலமோ அமைக்கலாம். பணம் வேண்டும். கிழக்கின் மூன்றாம் வகுப்புப் பிரயாணிக்கும் காட்டு யானைக்கும் செலவிடப் பணம் இல்லை என்பதில் மட்டும் எல்லாக் கட்சிகளும் ஒற்றுமையாக இருந்து வந்திருக்கின்றன.

பணமே இல்லையா? அப்படிச் சொல்லமுடியாது. 2011இல் தெற்குக்கு அதிவேகப் பாதை திறந்தது. 2013இல் கொழும்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இன்னொன்று. அதே 2013இல் மத்தளையில் காட்டை வெட்டி ஒரு சர்வதேச விமான நிலையம் கட்டினார்கள்; விமானங்கள் வராமல், உலகிலேயே மிக வெறுமையான சர்வதேச விமான நிலையம் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எள்ளி நகைக்கும் நிலைக்கு அது வந்தது. கிழக்கு மாகாணத்துக்குள் அதிவேகப் பாதை ஓர் அடிகூட இல்லை. தென்னிலங்கைப் பாமரனின் வயிற்றெரிச்சலையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். மத்தளையின் கடன் அவன் தலையிலும் ஏறியிருக்கிறது. அதன் ஓடுபாதையில் அவனும் ஓடவில்லை. இதைத் தமிழன் சிங்களவன் என்ற கணக்காக மட்டும் பார்ப்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

மட்டக்களப்பு விமான நிலையத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1958இல் சிவில் விமானங்களுக்காகத் திறக்கப்பட்டது. 1983இல் விமானப்படை அதை எடுத்துக்கொண்டது. எங்கள் தலைமுறைக்கு அந்தத் திசையிலிருந்து எழும் இரைச்சல் பிரயாணத்தின் இரைச்சலாக ஒருநாளும் கேட்டதில்லை. ஓடுபாதையைப் புதுப்பித்து 2018 மார்ச் மாதத்தில் மறுபடியும் சிவில் விமானங்களுக்குத் திறந்தார்கள். பின்னர் "சர்வதேச" என்ற அடைமொழியும் பெயரோடு சேர்ந்தது. திறப்பு விழா நாளில் நம் கற்றறிந்த நண்பர்கள் அடைந்த பூரிப்பைச் சொல்லி முடியாது. "கொழும்பு இனிப் பக்கத்து வீடு" என்றார் ஒருவர். அந்தப் பூரிப்பின் எச்சந்தான் நம் வினாத்தாளில் ஒரு வினாவாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு பேர் ஏறும் சிறு விமானம் அது. உதயதேவியின் ஒரு மூன்றாம் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்தும் நின்றும் தொங்கியும் போகும் சனத்தை ஏற்ற அது எத்தனை தடவை பறக்கவேண்டும்? கட்டணத்தை நான் எழுதப் போவதில்லை. பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது எத்தனை மடங்கு என்பதை யாரும் விசாரித்து அறியலாம். கடலில் போய்ப் பாதி வலையோடு திரும்பும் மனிதனிடம் அதைச் சொல்லிப் பார்க்கலாம். போதாததற்கு, வாழைச்சேனைக்காரன் அந்த விமானத்தைப் பிடிக்க முதலில் தெற்கே மட்டக்களப்பு நகருக்குப் போகவேண்டும். நேரத்தோடு போய்க் காத்திருக்கவேண்டும். இறங்கியபின் இரத்மலானையிலிருந்து தான் போகவேண்டிய இடத்துக்குக் காலி வீதி நெரிசலில் ஊரவேண்டும். பணமுள்ளவனுக்குக்கூட அது முக்கால் மணி ஆவதில்லை.

நண்பர்கள் என்மேல் எறியும் கற்களையும் எண்ணிப் பார்க்கிறேன்.

விமானம் வந்தால் உல்லாசப் பிரயாணி வருவான், பாசிக்குடா வளரும், ஊருக்கு வேலை கிடைக்கும் என்கிறார்கள். பாசிக்குடா எங்கள் பக்கத்துக் கடல். போருக்குப் பின் அங்கே எழுந்த விடுதிகளில் எங்கள் பிள்ளைகள் சிலர் வேலை செய்கிறார்கள், மறுக்கவில்லை. அறை கூட்டுகிறார்கள், தட்டுக் கழுவுகிறார்கள். வருமானத்தின் பெரும்பங்கு எங்கே போகிறது என்று விடுதிகளின் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கரைக்குத் தலைமுறை தலைமுறையாக இறங்கிய மீனவர், கடலுக்குப் போகும் வழிக்காக முறையிடவேண்டி வந்ததையும் மறக்கவேண்டாம். வெளியிலிருந்து வருகிறவனுக்கு எட்டு மணித்தியாலத்தை முக்கால் மணியாகச் சுருக்கிக் கொடுத்து, உள்ளே இருக்கிறவனுக்கு அரை மைல் கரையை நீட்டிக் கொடுப்பதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்தால், அந்தச் சொல்லை அகராதியில் திருத்தவேண்டும்.

இன்னொருவர் பலாலியைக் காட்டினார். இது கனமான வாதம். 1947 டிசம்பரிலேயே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு விமானம் பறந்தது. பிறகு போர் அந்த வழியை மூடிற்று. 2019 அக்டோபரில் பலாலி மீண்டும் திறந்தது. அடுத்த மாதமே சென்னை விமானம் இறங்கிற்று. கொரோனாவால் நின்று 2022 டிசம்பரில் தொடர்ந்தது. பலாலியிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். அதற்காக யாழ்ப்பாணத்து நோயாளி ஒருவர் முதலில் ஓர் இரவு முழுதும் தெற்கே கட்டுநாயக்காவுக்குப் போய், அங்கிருந்து மறுபடி வடக்கே தம் கூரைப் பக்கமாகவே பறந்து போன காலம் நீண்டது. அந்தக் கேலிக்கூத்து ஒழிந்தது நல்லது. எங்கள் கதையும் அப்படியே. தேசப்படத்தில் அளந்து பார்த்தேன்: கட்டுநாயக்காவிலிருந்து சென்னை ஏறத்தாழ 645 கிலோமீட்டர், மட்டக்களப்பிலிருந்து சென்னை 610. நாங்கள் சென்னைக்குக் கொழும்பைவிடக் கிட்ட இருக்கிறோம்! இருந்தும் வேலூருக்குச் சிகிச்சைக்குப் போகும் எங்கள் ஊர் நோயாளி முதலில் ஓர் இரவு மேற்கே போகிறார். ஆகவே விமானமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் திரித்துப் பேசவேண்டாம். நோயாளியும் மாணவனும் தாங்கக்கூடிய கட்டணத்தில், பொதுச் சேவையாக ஒரு விமானம் வந்தால் மாலை போட்டு வரவேற்க நானும் போவேன். சிலர் பறப்பதைக் காட்டி, பலர் ஊர்வதை மறைக்காதீர்கள் என்பதே என் வழக்கு.

மறைப்பது என்றேன். எதை மறைக்கிறார்கள் என்று அந்த மாணவியின் இரண்டு சொற்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்போம்.

கட்டுநாயக்காவிலிருந்து துபாய் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். ரியாத் நாலாயிரத்துக்குச் சற்று மேல். குவைத் இன்னும் சிறிது கூட. விமானத்தில் நாலரை மணியிலிருந்து ஐந்தரை மணிவரை. வாழைச்சேனை, ஓட்டமாவடி, ஏறாவூர், வாகரைப் பெண்ணுக்குத் தன் வீட்டு வாசலிலிருந்து கட்டுநாயக்கா வாசலுக்கு வருவது அதைவிட நீண்ட பிரயாணம். சொந்த நாட்டின் குறுக்கே 250, 300 கிலோமீட்டர் போக ஓர் இரவு. அரபிக்கடலைத் தாண்டிப் பிறர் வீட்டுச் சமையலறைக்குள் போக அரைப் பகல். உலகத்தில் எந்தப் பாதை வேகமாக இருக்கிறது, எது மெதுவாக இருக்கிறது என்பது தற்செயல் அன்று. பண்டத்துக்கு எது அவசரமோ அது வேகமாக இருக்கும். அன்று கோப்பி. இன்று எங்கள் தாய்மாரின் கைகள்.

பாலைத்திணையை வகுப்பில் கற்பிக்கும்போது பொருள்வயிற் பிரிவு என்று விளக்குகிறேன். தலைவன் பொருள் தேடிச் சுரம் கடப்பான், தலைவி வீட்டில் ஆற்றியிருப்பாள். கடல் கடந்து போகும் பிரிவில் பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்றும் தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தார். என் வகுப்பில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேரின் தாய்மார் தனியே கடல் கடந்திருக்கிறார்கள் என்று எண்ணினேன், எண்ணியதை நிறுத்திவிட்டேன். அவர்கள் வீடுகளில் ஆற்றியிருப்பவர்கள் அம்மம்மாக்களும் பத்து வயது அக்காக்களும். இலக்கணம் மாறிவிட்டது; உரையாசிரியர் எவரும் இன்னும் உரை எழுதவில்லை.

போகும் நேரம் ஐந்து மணி. திரும்பும் நேரம்? மூதூரில் பிறந்த ரிசானா நபீக் என்ற ஏழைப் பெண் 2005இல் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பதினேழு வயது, கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். பொறுப்பில் விடப்பட்ட குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சுமத்தினார்கள். 2013 ஜனவரி 9ஆம் நாள் அவள் தலை துண்டிக்கப்பட்டது. அவள் திரும்பவேயில்லை. மூதூருக்கும் ரியாத்துக்கும் இடையே ஆகாய மார்க்கத் தூரம் எவ்வளவு என்று யாரும் ஒரு வினாத்தாளில் கேட்டுப் பார்க்கட்டும்.

தூரம் உயிருள்ளவர்களை மட்டும் வதைப்பதில்லை. 2020இல் கொரோனாவால் இறந்தவர்களை எரித்தேயாக வேண்டும் என்று அரசாங்கம் ஆணையிட்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. முஸ்லிம் மக்கள் தங்கள் தாய் தந்தையரை, பிறந்து சில நாட்களேயான சிசுவைக்கூட, தீக்குக் கொடுத்துவிட்டு நின்றார்கள். 2021 பெப்ரவரியில் ஆணை தளர்ந்தது. ஆனால் எங்கே அடக்கலாம்? அவரவர் ஊர் மையவாடியில் அன்று. அந்த மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடியில், மஜ்மா நகரில். கொழும்பிலிருந்தும் களுத்துறையிலிருந்தும் கண்டியிலிருந்தும் சவங்கள் படையினர் காவலில் வாகனங்களில் ஏறி எங்கள் வீதியால் வந்தன. அங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் உறங்குகிறார்கள். தமிழரும் சிங்களவரும்கூட அவர்களுக்குள் உண்டு. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு ஒரு நாளில் கேட்டுவிடலாம். அளுத்கமையில் இருக்கும் மகன் தந்தையின் மண்ணறையருகே நின்று ஒரு துஆ ஓத, இன்றும் போக ஒரு நாள், வர ஒரு நாள். இந்தத் தூரத்தைப் பூகோளம் உண்டாக்கவில்லை. கையெழுத்து உண்டாக்கிற்று.

கையெழுத்தால் தூரத்தைக் கூட்ட முடியுமானால், குறைக்கவும் முடியும். அதற்கு நானே சாட்சி. என் தந்தையார் காலத்தில் எங்கள் பகுதியில் ஒருவன் பட்டம் பெறவேண்டுமானால் பேராதனைக்கோ கொழும்புக்கோ போகவேண்டும். போய்த் தங்க வசதியுள்ளவன் போனான். மற்றவன் வயலுக்குப் போனான். 1981இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. நான் வாழைச்சேனையிலிருந்து பஸ்ஸில் போய்த் தமிழ் படித்துப் பட்டம் பெற்றேன். எந்த விமானமும் பறக்கவில்லை. எந்தப் பாதையும் அகலமாகவில்லை. பல்கலைக்கழகம் எனக்குக் கிட்ட வந்தது, அவ்வளவுதான். நூற்றைம்பது கிலோமீட்டர் ஒரே கையெழுத்தில் இருபதாகச் சுருங்கிற்று. என்னோடு படித்த பெண்பிள்ளைகள் பலர் அது அங்கே இல்லாதிருந்தால் படித்தேயிருக்கமாட்டார்கள். சிலர் குவைத்துக்குப் போயிருப்பார்கள்.

எங்கள் கடதாசி ஆலையையும் நினைத்துப் பாருங்கள். 1950களில் வாழைச்சேனையில் எழுந்தது. வைக்கோலைக் கடதாசியாக்கிற்று. வயலில் எரித்து வீணாக்கிய பொருளுக்கு விலை வந்தது. வேலை தேடி வெளியூரார் இங்கே வந்தார்கள்; வாழைச்சேனை மற்றவர்களுக்குத் தூரமாக இருந்த காலம் அது! போரும் பொறுப்பின்மையும் இறக்குமதியும் சேர்ந்து ஆலையை நோயாளியாக்கின. ஆண்டுக்கணக்கில் இயந்திரங்கள் துருப்பிடித்து உறங்கின. ஆலையின் சங்கு ஓய்ந்ததற்கும் இரவு பஸ்ஸில் கூட்டம் பெருத்ததற்கும் தொடர்பு இல்லையென்று பொருளாதார நிபுணர் யாரேனும் எழுதட்டும், வாசிக்கக் காத்திருக்கிறேன்.

ஆகவே நண்பர்களே, நம் கோரிக்கையைத் தெளிவாகச் சொல்வோம். சிலரை வேகமாகக் கொழும்புக்கு எறியும் கருவி எங்கள் முதற்தேவை அன்று. கொழும்புக்கு ஓடவேண்டிய காரணங்களைக் குறைத்துத் தாருங்கள். பெரிய ஆஸ்பத்திரி வைத்தியமும் காரியாலயக் கையெழுத்தும் மாகாணத்துக்குள்ளேயே கிடைக்கட்டும். ஆலை ஓடட்டும். அதற்கும் மேல் ஓடவேண்டியவனுக்கு, தண்டவாளத்தைச் செப்பனிட்டு, யானைக்கு வழி விட்டு, பெட்டிகளைக் கூட்டி, ஐந்து மணித்தியாலத்தில் போகும் ஒரு மூன்றாம் வகுப்பு வண்டியைத் தாருங்கள். 350 கிலோமீட்டருக்கு ஐந்து மணி என்றால் மணிக்கு எழுபது. சந்திரனுக்குப் போகும் வேகத்தைக் கேட்கவில்லை. அயல்நாடான இந்தியாவில் அதை ஒட்டி ஓடும் விரைவு வண்டிகள் உண்டு.

ஆசிரிய நண்பர்களிடம் தனியே ஒன்று. வினாத்தாளை நாம்தான் தயாரிக்கிறோம். "பிரயாண நேரம்" என்று கேட்டு, கீழே விமானத்தின் நேரத்தை மட்டும் விடையாக அச்சிடும்போது, நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கண்ணால் கண்ட உண்மையைப் பிழை என்று சிவப்பு மையால் கோடிடுகிறோம். அந்தப் பிள்ளை அடுத்த முறை "முக்கால் மணி" என்று எழுதும், புள்ளியும் வாங்கும். தன் தாய் போன இரவைக் கணக்கிலிருந்து நீக்கிவிடப் பழகும். வினாவை மாற்றி எழுதினால் என்ன? வாழைச்சேனையிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் பஸ்ஸில் எவ்வளவு நேரம், அங்கிருந்து குவைத்துக்கு விமானத்தில் எவ்வளவு நேரம், இவற்றில் எது அதிகம், ஏன்? கடைசிச் சொல்லுக்கு மட்டும் பத்துப் புள்ளி கொடுக்கலாம்.

விடைத்தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. புள்ளியை நான் குறைக்கவில்லை. தாயாரின் ஒப்பந்தம் முடிந்து அடுத்த மாதம் வருகிறாராம். இரவு பஸ்ஸில் இரண்டு ஆசனம் இப்போதே பதிந்துவிட்டதாக அந்தப் பிள்ளை சொன்னாள். திரும்பி வருவதற்கு மூன்று.